இன்னாசியம்மாள் எழுதச் சொன்ன வயது

எங்கள் ஊரில் பாதிப் பேர் ஜூன் முதல் தேதியில் பிறந்தவர்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மேல்நிலைப் பள்ளியில் கிளார்க்காக இருந்தவன் நான். சேர்க்கைப் பதிவேடு என் அலமாரியில்தான் இருந்தது. 1.6.70, 1.6.71, 1.6.72 என்று பக்கம் பக்கமாக ஓடும். பள்ளிக்கூடம் திறப்பது ஜூன் மாதம். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வரும் தாய்க்குத் தேதி தெரியாது. தொடக்கப் பள்ளியின் ஒன்றாம் வகுப்பு வாத்தியார் பிள்ளையின் வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார். விரல் தொட்டுவிட்டால் ஐந்து வயது முடிந்தது என்று அர்த்தம். ஐந்து வருடம் பின்னால் போய் ஒரு ஜூன் ஒன்றை எழுதிவிடுவார். அதுவே எங்கள் பதிவேட்டுக்கும் வரும். அதற்குப் பிறகு ஆயுசுக்கும் அதுதான் பிறந்தநாள்.

பொம்மிடி ஸ்டேஷனிலிருந்து நாலு மைல் உள்ளே இருந்த அந்தப் பள்ளியில் நான் பதினோரு வருடம் வேலை பார்த்தேன். நிறைய ஹெட்மாஸ்டர்களைப் பார்த்தேன். ஒருத்தர் முகமும் சட்டென்று நினைவுக்கு வருவதில்லை. சத்துணவுக் கொட்டகையில் சமைத்த இன்னாசியம்மாள் மட்டும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறார்.

பிள்ளைகளுக்கு அவர் சோத்து ஆயா, எனக்கு அக்கா. ஒல்லியான உடம்பு, அதற்குப் பொருந்தாத குரல். எந்தப் பையனாவது பசிக்கவில்லை என்று தட்டை நீட்டாமல் நழுவினால் கரண்டியால் அண்டாவின் விளிம்பில் ஓங்கி ஒரு தட்டு தட்டுவார். அந்தச் சத்தத்துக்கு ஹெட்மாஸ்டரே ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார். பெயர் சொல்லி யாரையும் கூப்பிட மாட்டார். நெளிஞ்ச தட்டு, பூப்போட்ட தட்டு, ஓட்டைத் தட்டு என்றுதான் கூப்பிடுவார். முந்நூறு தட்டும் அவருக்கு அத்துப்படி.

கணவர் சவரிமுத்து கிணறு வெட்டப் போன இடத்தில் வெடி முந்திக்கொண்டு வெடித்ததில் இறந்துபோனார். அப்போது மகன் அருள்நாதனுக்கு மூன்று வயது. இன்னாசியம்மாள் ரோடு போடும் வேலைக்குப் போனார். தார் கொதிக்கும் இடத்துக்குப் பிள்ளையைக் கூட்டிப்போக முடியாது. தொடக்கப் பள்ளியில் மதியம் கோதுமை உப்புமா போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, எழுபத்தாறு ஜூனில் அவனைக் கொண்டுபோய் நிறுத்தினார். அவனுக்கு நாலு வயதுகூட நிறையவில்லை. கை எட்டவில்லை. வாத்தியார் அடுத்த பிள்ளையைத் திரும்பிப் பார்த்த நேரத்தில் இன்னாசியம்மாள் மகனின் தலையை மெல்லச் சாய்த்துப் பிடித்தார். விரல்நுனி காதில் பட்டது. வாத்தியார் திரும்பி, 1.6.71 என்று எழுதிக்கொண்டார்.

இதை அவரே ஒருநாள் அரிசி களைந்துகொண்டு சொன்னார். “ஒரு தட்டு உப்புமாவுக்காவ எம்பையனுக்கு ஒண்ணேகா வருசத்தக் கூட்டிட்டேன், சார். நெசமான தேதி கோயில் புஸ்தகத்துல இருக்குது. ஞானஸ்நானம் குடுத்தப்ப சாமியாரு எழுதுனது.”

இருவரும் சேர்ந்து சிரித்தோம். சிரிக்கிற விஷயமாகத்தான் அன்று இருந்தது.

எண்பத்தேழு நவம்பரில் செல்லி என் மேஜை முன்னால் வந்து நின்றார். மலையடிவாரத்துக்காரர். அவருடைய மகன் சென்றாயன் எங்கள் பள்ளியில் படித்தவன். இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் மைதானத்திலேயே மார்பளவு எடுத்துப் பட்டாளத்துக்கு அழைத்துப் போனார்கள். இலங்கைக்குப் போன படையில் அவனும் இருந்தான். அந்த மாதம்தான் தந்தி வந்திருந்தது.

செல்லி முந்தானைக்குள்ளிருந்து ஒரு போட்டோவை எடுத்து வைத்தார். கண்ணாடி போட்டு, கீழே பெயிண்டில் பெயர், வயது 20 என்று எழுதியிருந்தது.

“படிச்சுக் காமிச்சாங்க சார். இதுல இருக்கற வயசு எம்பையனோடது இல்லீங்க. அவன் ஏரி ஒடைஞ்ச வருசம் தை மாசம் பொறந்தவன். பதினெட்டுதானுங்க ஆச்சு.”

நான் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். 1.6.67. அதன்படி இருபதுதான். “ரெக்கார்டுல அப்பிடித்தாம்மா இருக்குது. மாத்த முடியாது” என்றேன். அப்போது நான் அப்படிப்பட்ட மனிதனாகத்தான் இருந்தேன். பிள்ளையைப் பறிகொடுத்து நிற்பவளிடம் ரெக்கார்டைப் பற்றிப் பேசினேன்.

வாசலில் ஈரக் கையோடு இன்னாசியம்மாள் நின்றிருந்தார். உள்ளே வந்து போட்டோவை எடுத்து என் முன்னால் நகர்த்தினார். “ரெக்கார்ட மாத்த வேணாம் சார். இத மாத்துங்க. செத்த பொறவுமா அந்தப் புள்ளைக்கு ரெண்டு வயசு கூட்டி வெச்சிருக்கணும்?”

ஒரு வெள்ளைத் தாளை நறுக்கி, வயது 18 என்று எழுதி, பெயிண்டின் மேல் ஒட்டிக் கொடுத்தேன். செல்லி அந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது.

எண்பத்தெட்டு பிப்ரவரியில் கிருஷ்ணப்பன் பள்ளிக்கு வந்தார். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர்; மீசையும் நல்ல மனசும் உள்ளவர். அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை சுபேதார் ஒருவர் தலைமையில் ஆள் எடுக்கிறவர்கள் வரப்போகிறார்கள், மேல் வகுப்புப் பையன்களைப் பள்ளி மைதானத்திலேயே நிறுத்திப் பார்க்கலாம், பதினாறு முடிந்திருந்தால் போதும் என்றார். பரிட்சைக்கு ஒரு மாதம்தான் இருந்தது. ஹெட்மாஸ்டர் அதையெல்லாம் யோசிக்கவில்லை. பள்ளிக்கு நல்ல பெயர் கிடைக்கும் என்று, பதிவேட்டைப் பார்த்துப் பட்டியல் எடுக்கச் சொன்னார்.

எடுத்தேன். நாற்பத்து மூன்று பேர். பதினேழாவது பெயர் அருள்நாதன், பன்னிரண்டாம் வகுப்பு, 1.6.71. அதை எழுதும்போது என் பேனா ஒரு நிமிடம் நின்றது. பிறகு எழுதிவிட்டது.

மத்தியானம் கொட்டகைக்குப் போய்ச் சொன்னேன். இன்னாசியம்மாள் அடுப்பைப் பார்த்தபடியே கேட்டார்.

“அவனே பேரு குடுத்தானா?”

“அவனுக்கும் சம்மதந்தாங்க்கா. சந்தோசமா இருக்கறான்.”

“இருப்பான். அம்மா பொகையில நிக்கக் கூடாதாம். சம்பளம் வந்ததும் என்னிய வூட்ல ஒக்கார வெக்கப் போறானாம்.” முகத்தைத் துடைத்துக்கொண்டார். புகையால் என்று நான் நினைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக அடுப்பை இன்னொரு முறை ஊதினார். “அந்த நாப்பத்து மூணு பேரும் என் கையில சோறு வாங்கித் தின்னவனுங்க. எவன் எப்ப பொறந்தான்னு அவனுங்க ஆத்தாமாருக்குத் தெரியும். கூப்புட்டுக் கேப்போம்.”

அதுதான் தொடக்கம். கொடி, கோஷம் எதுவும் இல்லை. மறுநாளிலிருந்து மதியச் சாப்பாடு முடிந்ததும் கொட்டகைக்குப் பின்னால் தாய்மார்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் நாலு பேர், பிறகு பத்து, வாரக் கடைசியில் இருபத்தொன்பது பேர். செல்லி தினமும் வந்தார். அவருக்கு அங்கே எழுதிக்கொள்ள யாரும் இல்லை, ஆனாலும் வந்தார். ஒருவருக்கும் தேதி தெரியாது, எல்லோருக்கும் காலம் தெரிந்திருந்தது.

“பெரிய மாரியம்மன் தேரு சாய்ஞ்சுதே, அதுக்கு மறு வருசம்.”

“இல்லடி, ஒம்பையன் எம்மவளுக்கு எளையவன். நீ வவுத்தத் தூக்கிட்டு எங்கூட்டுக்குக் கேவுரு அரைக்க வந்தது எனக்கு நாவகம் இருக்குது.”

“கரண்டுக் கம்பம் நட்டாங்க பாரு, அப்பக் கைப்புள்ள.”

இப்படி ஒருத்தி சொல்லி, இன்னொருத்தி திருத்தி, மூன்றாமவள் சிரித்து, ஒரு வயது பிறக்கும். நான் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பென்சிலால் எழுதுவேன். எனக்கு அந்த மத்தியானங்கள் பிடித்துப்போயின. வெட்கமில்லாமல் சொல்கிறேன், என் வேலையிலேயே நான் உருப்படியாக எழுதியது அந்தப் பென்சில் எழுத்துத்தான். இருபத்தொன்பது பேரில் இருபத்திரண்டு பையன்களுக்குப் பதினாறு முடியவில்லை.

மூன்று கோரிக்கைகள் தேறின. பள்ளிக்கூடத்துக்குள் ஆள் எடுக்கக் கூடாது, பட்டியலும் கொடுக்கக் கூடாது. பரிட்சை முடியும்வரை யாரையும் கூப்பிடக் கூடாது. பதினேழு முடிந்து, பெற்றவளைக் கேட்டுவிட்டுத்தான் ஒருவன் போக வேண்டும். பதினேழு என்று சொன்னவர் செல்லி. சென்றாயன் போனபோது பதினாறுதான் முடிந்திருந்தது; ஏன் பதினேழு என்று யாரும் அவரைக் கேட்கவில்லை.

ஊரில் எல்லோரும் இதைக் கொண்டாடிவிடவில்லை. “கெடைக்கற கெவுர்மெண்டு வேலைய இந்தப் பொம்பளைங்க கெடுக்கறாளுவ” என்று டீக்கடையில் பேசினார்கள். அவர்கள் சொன்னதும் பொய்யில்லை. மழை பொய்த்துப்போன ஊரில் பட்டாளத்தைத் தவிர வேறு எந்த வேலை வீடு தேடி வருகிறது?

இதில் ஒன்றை நான் கவனித்தேன். எல்லாப் பையன்களின் வயதையும் எழுத வைத்த இன்னாசியம்மாள், பதினேழாவது பெயர் வரும்போது மட்டும் அண்டா கழுவப் போய்விடுவார். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

“அக்கா, அருளுக்கு எழுதட்டுமா?”

“மத்தவங்களுக்கு வாயால சொன்ன வயசு. இல்லீன்னா இல்லீன்னு போயிரும். எனக்குக் கோயில் புஸ்தகம் இருக்குது, சாட்சி இருக்குது. பொய் சொல்லிச் சேத்தேன்னு ரெக்கார்டு ஆயிட்டா அவன் பரிட்ச எழுத முடியுமா?”

முடியாமல் போகலாம் என்றேன். எனக்கே நிச்சயமாகத் தெரியாது, ஆனாலும் விதி தெரிந்தவன்போலப் பேசினேன். உண்மையைச் சொன்னால் மகனின் படிப்பு போய்விடலாம். சொல்லாவிட்டால் அடுத்த செவ்வாய்க்கிழமை, பதினைந்தரை வயதில் மகனே போய்விடுவான். இரண்டுக்கும் நடுவில் அந்த மனுஷி ஐந்து நாள் முந்நூறு பேருக்குச் சோறு வடித்தார். ஒரு நாளும் உப்பு கூடவில்லை, குறையவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் பையன்கள் பனியனோடு மைதானத்தில் வரிசையாக நின்றார்கள். தாய்மார்கள் வேப்பமரத்தடியில் நின்றார்கள். சுபேதார் கோலார்ப் பக்கத்து மனிதர். தமிழும் கன்னடமும் கலந்து பேசினார். நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவர் முன்னால் நான் கோரிக்கைகளும் பையன்களின் சரியான வயதும் எழுதிய தாய்மார்களின் மனுவை வைத்தேன். ஹெட்மாஸ்டர் என்னை எரித்துவிடுவதுபோலப் பார்த்தார்.

“வயசு தப்புன்னு சொன்னா ஆதாரம் வேணாமா? ஏரி ஒடைஞ்சுது, தேர் சாய்ஞ்சுதுன்னா சர்க்கார் ஒத்துக்குமா?” என்றார் ஹெட்மாஸ்டர்.

கிருஷ்ணப்பன் வருத்தத்தோடுதான் பேசினார். “தாயிங்களா, நானும் இந்த ஊருப் பையன்தானே? பட்டாளத்துக்குப் போயித்தானே ஓட்டு வூடு கட்டுனேன்? உங்க புள்ளைங்க நல்லதுக்குத்தானுங்க சொல்றேன்.”

அப்போது இன்னாசியம்மாள் மரத்தடியை விட்டு நடந்து வந்தார். இடுப்பிலிருந்து ஒரு மடித்த தாளை எடுத்து சுபேதார் முன்னால் வைத்தார். பங்குக் கோயில் முத்திரை போட்ட ஞானஸ்நானச் சான்று. பிறந்த தேதி 9.9.72. ஞாயிறு பூசை முடிந்ததும் போய் வாங்கி வந்திருக்கிறார், எனக்குக்கூடச் சொல்லவில்லை.

“எம்மவன் அருள்நாதன், அதோ நிக்கறான். பொய் சொன்னது நான் சார். அவன் இல்ல. கை எட்டல. நாந்தான் தலையச் சாச்சுப் புடிச்சேன். அவனுக்கு மத்தியானம் ஒரு வாய் உப்புமா கெடைக்கட்டும்னு சாச்சேன். அதுக்கு என்னிய என்ன வேணும்னாலும் செய்யுங்க. சமையல் வேலைய விட்டு எடுத்தாலும் செரி. அவனப் பரிட்ச எழுத வுடுங்க. பட்டாளத்துக்கு வேணாம்னு நான் சொல்லல. வயசு வரட்டும், நானே கூட்டியாந்து வுடறேன்.”

வரிசையில் அருள்நாதன் தலை குனிந்து நின்றான். பக்கத்துப் பையன்கள் அவனையே பார்த்தார்கள். அவன் காது சிவந்துபோயிருந்தது.

அப்புறம்தான் செல்லி வந்தார். அவர் யாரையும் பார்த்துப் பேசவில்லை. இன்னாசியம்மாளின் கையை மட்டும் பிடித்துக்கொண்டார்.

“நானுந்தான் சாச்சேன் இன்னாசி” என்றார். “எம்பையனுக்கும் எட்டல. நானுந்தான் சாச்சுத் தொட வெச்சேன். இத்தன நாளு யாருகிட்டயும் சொல்லல. இந்தக் கையாலதான்.”

வேப்பமரத்தடியிலிருந்து ஒரு குரல், “எங்கூட்லயும் அப்பிடித்தானுங்க” என்றது. இன்னொன்று, “நானும்.” இன்னொன்று. இருபத்தொன்பது பேரும் சொன்னார்களா என்று நான் எண்ணவில்லை. கண் சரியாகத் தெரியவில்லை எனக்கு.

சுபேதார் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பரிட்ச யாவாக?” என்றார். மூன்று வாரத்தில் என்றேன். அவர் பட்டியலை மடித்து என்னிடமே கொடுத்தார்.

“ஆயித்து. பரிட்ச முடியட்டும். பதினேழு ஆகட்டும். வூட்ல கேட்டுட்டு வரட்டும். நாங்க எங்கயும் ஓடிப் போகல, தாயி.” எழுந்து, தொப்பியை மாட்டிக்கொண்டு, ஹெட்மாஸ்டரைப் பார்த்து, “சட்டை போட்டுக்கச் சொல்லுங்க, பசங்களுக்கு வெயில் அடிக்குது” என்றார்.

அன்று மாலை மூன்று கோரிக்கைகளையும் அறிவிப்புப் பதிவேட்டில் எழுதி, ஹெட்மாஸ்டரிடம் கையெழுத்து வாங்கினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போட்டார், ஆனால் போட்டார். நான் அங்கே இருந்தவரை அது மீறப்படவில்லை. ஞானஸ்நானச் சான்று எந்தக் கோப்பிலும் ஏறவில்லை. அது எப்படி ஏறாமல் போனது என்று கேட்டால், கிளார்க்குகளுக்கு ஞாபகமறதி உண்டு என்று சொல்வேன்.

அருள்நாதன் பரிட்சை எழுதினான், தேறினான். ஆனால் அம்மாவிடம் இரண்டு மாதம் பேசவில்லை. நாற்பத்து மூன்று பேர் முன்னால் அவனைச் சின்னப் பிள்ளை ஆக்கிவிட்டார் என்று கோபம். அவர் வேலை முடிந்து வரும்போது அவன் வெளியே போய்விடுவான். “தட்டுல போட்டு மூடி வெச்சா தின்னுக்கறான் சார், அது போதும்” என்பார் இன்னாசியம்மாள். எனக்குத்தான் அவனை நாலு அறை விடலாம்போல இருந்தது.

தருமபுரியில் காலேஜில் சேர்ந்தான். கோபம் எப்போது தீர்ந்தது என்று தெரியவில்லை. தீபாவளிக்கு முன்னால் ஒருநாள் கொட்டகைக்கு விறகு பிளந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். தீர்ந்துவிட்டது என்று புரிந்துகொண்டேன். பட்டாளம் மட்டும் அவன் மனதை விட்டுப் போகவில்லை.

எண்பத்தொன்பது செப்டம்பர் ஒன்பது, சனிக்கிழமை. கொட்டகையைக் கழுவிக்கொண்டிருந்தார் இன்னாசியம்மாள். செல்லி தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். போன வருடத்திலிருந்து அவர் அங்கேயே உதவிக்கு வந்துவிட்டிருந்தார். அருள்நாதன் வாசலில் வந்து நின்றான். வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட்டான். காதைத் தாண்டி, தாடை வரைக்கும் போயிற்று கை.

“பாரும்மா. சாய்க்கல” என்றான்.

இன்னாசியம்மாள் சிரித்துவிட்டார். சிரிப்போடு கண்ணும் நிறைந்துவிட்டது.

“பதினேழு முடிஞ்சுது. கேக்கச் சொன்னியே, கேக்கறேன். போவட்டுமா?”

வேண்டாம் என்று சொல்லுங்கள் அக்கா என்று எனக்குள் கத்தினேன். படை இன்னும் இலங்கையிலிருந்து திரும்பியிருக்கவில்லை. இன்னாசியம்மாள் செல்லியைப் பார்த்தார். செல்லி வாளியைக் கீழே வைத்தார்.

“கேட்டுட்டானே, இன்னாசி” என்றார் செல்லி. “எம்பையன் கேக்கவே இல்ல.”

“போயிட்டு வா” என்றார் இன்னாசியம்மாள்.

சொன்னபடி அவரே கூட்டிப்போனார். பஸ் ஏறும் முன்னால் என் மேஜைக்கு வந்து ஒரு வெள்ளைத் தாள் கேட்டார். “சர்ட்டிபிகேட்டுல இருக்கறது இருக்கட்டும். இதுல நெசத்த எழுதுங்க சார்.” அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்: அருள்நாதன், தகப்பனார் சவரிமுத்து, தாயார் இன்னாசியம்மாள், பிறந்தது 9.9.72. அதை நாலாக மடித்து மகனின் சட்டைப் பையில் வைத்து, மேலே கையால் ஒரு தட்டு தட்டினார். “எங்க போனாலும் இது உங்கிட்ட இருக்கணும். யாராச்சும் வயசு கேட்டா இதக் காமி.”

ஒன்றரை வருடம் கழித்து முதல் லீவில் வந்தான். நான் பார்க்கப் போனபோது, மணிபர்ஸிலிருந்து அந்தத் தாளை எடுத்துக் காட்டினான். பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்தான். மடிப்பில் கிழிந்து என் கையெழுத்து பாதி அழிந்திருந்தது.

“யாரும் கேக்கவே இல்லம்மா” என்றான்.

இன்னாசியம்மாள் தாளை வாங்கிப் பார்த்து, திரும்ப அவன் கையில் கொடுத்தார்.

“கேக்காட்டி என்ன? இருக்கட்டும். சோறு போடறேன், தட்டு எடு” என்றார்.